மேலே லண்டன்... கீழே நம்ம ஊர் கிணறு!



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கமிட்டியிலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "அதை ஏற்கெனவே பதினோரு பேர் எழுதிக் கொடுத்தாச்சு. நீ சிவில்காரன்தானே? ஏதாவது ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதேன்" என்று பதில் வந்தது. சரி, கட்டடம் என்றால் எனக்கு ஒன்றுதான் உடனே ஞாபகத்துக்கு வரும். அதற்குக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்மில் பாதிப்பேர் டிரங்குப் பெட்டியோடும் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தோடும் முதன்முதலாக வந்து இறங்கியது எழும்பூர் ஸ்டேஷனில்தான். ஸ்டேஷனுக்கு வடக்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், மரங்களுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்திருப்போம். பார்த்துவிட்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசப் போயிருப்போம். நானும் அப்படித்தான். நான்கு வருஷம் அந்த வழியாகப் போய் வந்தும் ஒரு நாள் கூட உள்ளே நுழைந்ததில்லை.

அதுதான் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். பழைய சென்னைக்காரர்கள் "கிர்க்" என்பார்கள். ஸ்காட்லாந்து பேச்சில் கிர்க் என்றால் தேவாலயம் என்றுதான் பொருள். 1818-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி அடிக்கல் நாட்டி, 1821-ம் ஆண்டு பிப்ரவரி 25-ம் தேதி திறந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இன்று நம்மிடம் கிரேன் இருக்கிறது, ரெடிமிக்ஸ் இருக்கிறது. ஆனாலும் மூன்று வருஷத்தில் ஒரு அடுக்குமாடியின் சாவியை வாங்கிவிட்டால் மொட்டை அடித்துக்கொள்கிறோம்!

எதற்காக இன்னொரு தேவாலயம்?

சென்னையில் அப்போது ஆங்கிலேயர்களுக்குக் கோட்டைக்குள் செயிண்ட் மேரீஸ் இருந்தது. கதீட்ரல் ரோடு பக்கம் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1815-ல் கட்டி முடிந்திருந்தது. பிறகு எதற்கு எழும்பூரில் ஒன்று?

விஷயம் இதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நமக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும், அவர்களுக்குள் இங்கிலாந்துக்காரர் வேறு, ஸ்காட்லாந்துக்காரர் வேறு. ராணுவத்திலும் மருத்துவத்திலும் வியாபாரத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தேவாலயம் திறந்த 1821-ல் சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோவே கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

இங்கிலாந்துத் திருச்சபையில் பிஷப் உண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பிஷப் கிடையாது. குருமாரும் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் கூடி உட்கார்ந்து நிர்வாகம் செய்வார்கள். இந்த மூப்பர் முறைக்குத்தான் பிரெஸ்பிட்டீரியன் என்று பெயர். 1813-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டதை ஒட்டி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று ராஜதானிகளிலும் ஸ்காட்லாந்துத் திருச்சபைக் குருமார்களைக் கம்பெனி செலவிலேயே நியமிக்க வழி பிறந்தது. குரு வந்தால் கோயில் வேண்டாமா? கல்கத்தாவில் 1818-லும் பம்பாயில் 1819-லும் சென்னையில் 1821-லும் ஆக மூன்று தேவாலயங்கள் எழுந்தன. மூன்றுக்கும் ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் பெயரையே வைத்தார்கள்.

லண்டன் வேண்டாம் என்ற படம்

சென்னைத் தேவாலயத்தைக் கட்டியவர் மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலாண்ட். மெட்ராஸ் இஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்தவர். கெர்ன்சி தீவில் 1775-ல் பிறந்தவர். ஆசாமி கொஞ்சம் பிடிவாதக்காரர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது, காவிரிக்குக் குறுக்கே செங்கல்லிலேயே மிக அகலமான வளைவுகள் வைத்துப் பாலம் கட்டலாம் என்றார். மற்றவர்கள் நம்பவில்லை. "நிற்காதா? இதோ பார்" என்று 1808-ல் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் அகலமுள்ள ஒரு தட்டையான செங்கல் வளைவைக் கட்டிக் காட்டிவிட்டார். அது 1930-கள் வரை, நூற்றிருபது வருஷத்துக்கு மேல் நின்றது. செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டி முடித்ததும் இவர்தான்.

எழும்பூருக்கு அவர் எடுத்துக்கொண்ட மாதிரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் செயிண்ட் மார்ட்டின் தேவாலயம். அதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். 1720-களில் கட்டியது. முன்னால் தூண் வரிசை, அதற்குப் பின்னால் கூரையிலிருந்து கிளம்பும் ஊசிக் கோபுரம் என்ற அமைப்பு உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்தத் தேவாலயமே காரணம்.

இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. கிப்ஸ் முதலில் போட்டுக் கொடுத்த பிளான் நீளக்கட்டடமே இல்லை. நடுவில் வட்டமான கூடம் வைத்து ஒரு பிளான் போட்டார். செலவு அதிகம் என்று லண்டனில் அதை ஒதுக்கிவிட்டார்கள். மனிதர் விடவில்லை. 1728-ல் வெளியிட்ட தன் கட்டடக்கலைப் புத்தகத்தில் அந்தப் படத்தையும் சேர்த்து அச்சடித்துவிட்டார். லண்டனில் நிறைவேறாத அந்த வட்டம், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எழும்பூரில் எழுந்தது. கிப்ஸ் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஊர்க்காரர், மதத்தால் கத்தோலிக்கர். ஒரு கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் சபைக்காகப் போட்டு, வேண்டாம் என்று தள்ளப்பட்ட படம், கடைசியில் அவர் சொந்த ஊர்க்காரர்களான பிரெஸ்பிட்டீரியன்களுக்குச் சென்னையில் கைகொடுத்தது. நாம் டிராயிங் ஹாலில் ராத்திரி கண் விழித்துப் போட்டு, சார் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்ட ஷீட்டுகளுக்கும் ஒரு நாள் காலம் வரலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

உள்ளே போனால்...

வெளியில் பெரிய தூண்கள், முக்கோண முகப்பு, மேலே சுமார் 166 அடி உயரக் கோபுரம். உள்ளே நுழைந்ததும் சுமார் 80 அடி குறுக்களவில் வட்டக் கூடம். கிழக்கிலும் மேற்கிலும் செவ்வகமாக இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடத்துக்குள் வளையமாக 16 தூண்கள். அவை தாங்குவது அதிக ஆழமில்லாத ஒரு குவிமாடம். அண்ணாந்து பார்த்தால் கருநீல வானம், அதில் தங்க நிற நட்சத்திரங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் உள்ளே நுழைந்தவனுக்கு அந்த நீலம் ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி இருக்கும்.

சிவில்காரன் கண்ணுக்கு அந்த நீலத்துக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம். தட்டையான குவிமாடம் என்றால் பக்கவாட்டில் தள்ளும் விசை அதிகம் என்று நமக்குப் பாடத்தில் வந்தது. எடையைக் குறைத்தால் அந்தத் தள்ளலும் குறையும். வளையமாக ஒரு செங்கல் வளைவைக் கட்டி, செங்கல் சட்டங்களுக்கு நடுவே சுட்ட மண்ணாலான கூம்புகளை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். மண்பாண்டம்தான் ஐயா! நம் ஊர்ச் சூளையில் சுட்டெடுத்த மண்பாண்டம் எழும்பூரில் ஒரு குவிமாடமாக நிற்கிறது. பூச்சு வேலைக்குப் பெயர்போன மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி மினுமினுக்க வைக்கும் கலையில் நம் கொத்தனார்களுக்கு அந்தக் காலத்தில் நிகரில்லை.

உண்மையான கதை தரைக்கு அடியில்

இவ்வளவையும் எங்கே நிறுத்துவது? அங்கேதான் சிக்கல். இடம் தாழ்வானது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அடியில் சேறும் களியும். அந்த மண்ணில், ஒரு முனையில் 166 அடிக் கோபுரம் ஒரே இடத்தில் அழுத்துகிறது, பக்கத்தில் லேசான வட்டக் கூடம். கோபுரம் அதிகம் இறங்கி, கூடம் குறைவாக இறங்கினால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். "டிஃபரன்ஷியல் செட்டில்மெண்ட்" என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

இன்றைக்கென்றால் போர் போட்டு, மண் மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வாங்குவோம். 1818-ல் ரிப்போர்ட் ஏது? மண் இயக்கவியலின் தந்தை என்று நாம் படித்த டெர்சாகி தன் புத்தகத்தை வெளியிட்டது 1925-ல். மண் அழுத்தத்துக்குச் சூத்திரம் எழுதிய ராங்கின் எடின்பரோவில் பிறந்ததே 1820-ல், அதாவது இந்தத் தேவாலயத்தின் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த வருஷத்தில்!

டி ஹாவிலாண்ட் கொண்டுவந்த லண்டன் படம் மேலே இருப்பதற்குத்தான் வழி சொன்னது. கீழே என்ன செய்வது என்பதற்கு அவர் நம்ம ஊர் வழக்கத்தைப் பார்த்தார். கிணறு! ஒன்றிரண்டு இல்லை, சுமார் 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் தேவாலயத்தைக் கட்டினார். குறைந்த ஆழம் 14 அடி, அதிக ஆழம் 50 அடி.

கிணறு இறக்குவது எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணல் பாங்கான பேட்டைகளில் சிமெண்ட் உறை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஓர் உறையை வைத்து, உள்ளே ஆள் இறங்கி மண்ணை அள்ள அள்ள, உறை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். அதன் மேல் அடுத்த உறை. பக்கத்து மண் சரியாது. கெட்டி மண் தட்டும் வரைக்கும் போகலாம். பிறகு உள்ளே நிரப்பிவிட்டால் அதுவே தூண். இது நேற்று வந்த வித்தை இல்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகளைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கிறது. தண்ணீருக்காக இரண்டாயிரம் வருஷமாக இறக்கிக்கொண்டிருந்த உறையை, பாரம் தாங்குவதற்காக இறக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த 14-க்கும் 50-க்கும் இடையிலான வித்தியாசம். எல்லாம் ஒரே ஆழம் என்றால் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்தது என்று அர்த்தம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம் என்றால், கீழே நின்று மண்ணைத் தொட்டுப் பார்த்தவன் "இங்கே போதும்", "இங்கே பத்தாது, இன்னும் போகணும்" என்று சொல்லியிருக்கிறான் என்று நான் படித்துக்கொள்கிறேன். மேலே இருந்த மேஜர் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

நான் கேட்காத கதை

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் புறநகரில் ஓர் அடுக்குமாடி வேலை. சைட்டுக்கு நான்தான் பொறுப்பு. தோண்டும் வேலைக்கு வந்த ஒரு பெரியவர், வயது எழுபது இருக்கும், வடகிழக்கு மூலையைக் காட்டி, "தம்பி, இந்த மூலைல முன்ன ஒரு குட்டை இருந்துச்சு. மேல மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. அடியில களி. வாங்கும்" என்றார். என் கையில் மண் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தது. பைண்டு செய்து, சீல் போட்டு, அழகாக இருந்தது. "ரிப்போர்ட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியவரே, நீங்க வேலையப் பாருங்க" என்றேன். ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை. போர் போட்ட நான்கு இடத்தில் அந்த மூலை வரவில்லை, அவ்வளவுதான். வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் அந்த மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காம்பவுண்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. இடித்து, தோண்டி, மறுபடி கட்ட இரண்டரை மாதம். தோண்டினபோது பெரியவர் சொன்ன களி அப்படியே கறுப்பாக வந்தது. வேலைக்கு அவரே வந்திருந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மம்மட்டியில் ஒட்டின களியை வழித்து என் காலடியில் போட்டுவிட்டு மறுபடி குனிந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த மாதத்தில்தான் ஒருநாள், ஊருக்குப் போக எழும்பூர் வந்தவன், ரயிலுக்கு நேரம் இருந்ததால் முதல் தடவையாக கிர்க்குக்குள் போய் உட்கார்ந்தேன். கிணறுகளைப் பற்றி எப்போதோ படித்திருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. நீல வானத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கற்றுக்கொண்டதைச் சொன்னவர்

தேவாலயம் திறந்த அதே 1821-ல் சென்னைக்கு வேலைக்கு வந்து இறங்கினார் ஓர் இளைஞர். மெட்ராஸ் இஞ்சினியர்ஸ்தான். பெயர் ஆர்தர் காட்டன். பின்னால் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியவர், கோதாவரியில் தவுலேஸ்வரம் அணையைக் கட்டியவர். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். அதனால் அவர் பெயருக்குக் குறைவு ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் கோதாவரிக் கரையில் அவருக்கு மாலை போடுகிறார்கள்.

கிணற்று அஸ்திவாரமும் அதே மாதிரி நம் பாடப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்தியாவின் பெரிய ஆறுகளில் நிற்கும் ரயில் பாலங்கள் பலவும் கிணற்றின் மேல்தான் நிற்கின்றன. "வெல் ஃபவுண்டேஷன்" என்று ஆறாவது செமஸ்டரில் படித்து, பதினாறு மார்க் கேள்விக்குப் படம் போட்டு, கட்டிங் எட்ஜ், கர்ப், ஸ்டைனிங் என்று அம்புக்குறி போட்டோமே, அது வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் மட்டும்தான் இங்கிலீஷ்.

பிறகு என்ன ஆயிற்று?

கிர்க்கைச் சேர்ந்த இரண்டு ஸ்காட்லாந்துக் குருமார்கள் 1835-ல் எழும்பூரில் ஒரு சிறு பள்ளி தொடங்கினார்கள். 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற மிஷனரி வந்து அதை எடுத்து நடத்தினார். 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையே இரண்டாகப் பிளந்தது. ஆண்டர்சன் பிரிந்துபோன சுதந்திரத் திருச்சபைப் பக்கம் போனார். தேவாலயக் கட்டடம் பழைய சபையிடமே இருந்தது. அவர் வளர்த்த பள்ளிதான் பிற்பாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபோயிற்று. நம்மைக் கிரிக்கெட்டில் வருஷா வருஷம் படுத்தி எடுத்த தாம்பரத்து நண்பர்களின் பூர்வீகம் எழும்பூர்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்!

1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. கிர்க்கும் இன்று அந்தத் திருச்சபையில்தான் இருக்கிறது. பிஷப் வேண்டாம் என்றவர்களின் தேவாலயம் பிஷப் உள்ள சபைக்குள் வந்துவிட்டது. கம்பெனி போயிற்று, ராஜதானி போயிற்று. பக்கத்தில் 1908-ல் ரயில் நிலையம் வந்தது, 2018-ல் மெட்ரோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மட்டும் இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்த வட்டக் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது பாடுகிறவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்.

வரலாறு படிக்கும்போது டி ஹாவிலாண்டின் பெயர் வருகிறது. வர வேண்டியதுதான், பெரிய கெட்டிக்காரர். கிப்ஸின் பெயர் வருகிறது. 50 அடி ஆழத்தில் இடுப்பளவுச் சேற்றில் நின்று, "இங்கே போதும்" என்று சொன்னவர்கள் பெயர் வருவதில்லை. என் சைட்டில் குட்டையைக் காட்டிய பெரியவரின் பெயரை நானும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை வந்தபோதுதான் கேட்டேன். இப்போதெல்லாம் புது சைட் என்றால், ரிப்போர்ட்டைப் பிரிக்கும் முன்னால் அவருக்கு ஒரு போன் போடுகிறேன். வந்து ஒரு சுற்று நடந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அப்புறம்தான் போர் எங்கே போடுவது என்று நான் குறிப்பேன்.

சந்திப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழும்பூருக்கு வந்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். குடும்பத்தோடு போய் அந்த நீல வானத்தைக் காட்டுங்கள், பிள்ளைகள் நட்சத்திரத்தை எண்ணட்டும். நீங்கள் மட்டும் ஒரு நிமிஷம் தரையைப் பாருங்கள். காலுக்குக் கீழே கிணறுகள் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் சிவில் பிரிவு நண்பன்